பூட்டி வைத்த மூக்கு

அத்தியாயம் 9

அந்த அலுவலகத்தில் மூக்குக்குத்தான் மரியாதை. முகத்தில் இருக்கிற மற்றதெல்லாம் ஒப்புக்குச் சப்பாணி.

சோப்பு, ஷாம்பு, முகப்பவுடர் என்று எதற்கும் வாசனை கலந்து கொடுக்கிற கம்பெனி அது. வெளியே போகிற ஒவ்வொரு கலவையையும் இரண்டு பேர் முகர்ந்து எழுத வேண்டும் என்பது அங்கே சட்டம். ஜூனியர் முதலில் முகர்ந்து எழுதிய தாள் சீனியரின் மேசைக்குப் போகும். சீனியர் தானும் முகர்ந்து, தன் தாளை எழுதிக் கையெழுத்துப் போட்டால்தான் டப்பா வாசலைத் தாண்டும். ஜூனியர் இருபத்தாறு வயதுப் பெண்; எல்லோரும் அவளைச் சின்ன மூக்கு என்றார்கள். சீனியர் பெரிய மூக்கு. அவரைப் பார்த்த முதல் நிமிடத்திலேயே எனக்குப் பிடிக்காமல் போய்விட்டது. இரண்டாவது நிமிடம் வரை பொறுத்திருக்க அவர் இடம் கொடுக்கவில்லை.

"இவங்கதான் டிடெக்டிவா?" என்று என் அண்ணியை மேலும் கீழும் பார்த்துவிட்டு மானேஜரிடம் கேட்டார். "மருந்துக்கடை அம்மா மாதிரில்ல இருக்காங்க."

"மருந்துக்கடைதான் வெச்சிருந்தேன். இருபது வருஷம்," என்றாள் அண்ணி. "இருமலுக்கு மருந்து கொடுத்து அலுத்துப்போய் இதுக்கு வந்தேன்."

"இது?"

'இது' என்றது என்னை.

"என் கொழுந்தன். வீட்டுக்காரரோட தம்பி. கூட மாட எடுபிடி."

"அசிஸ்டெண்ட்," என்று திருத்தினேன்.

"வேலை செஞ்சா அசிஸ்டெண்ட்," என்றாள் அண்ணி.

விஷயம் இதுதான். செவ்வாய்க்கிழமை காலை பெரிய மூக்கு வழக்கம்போல உப்புத் தண்ணீரால் மூக்கைக் கழுவியிருக்கிறார். கழுவியவர் "எரியுது" என்று கத்திக்கொண்டு நாற்காலியோடு சாய்ந்திருக்கிறார். டாக்டர் பார்த்து, மூக்குக்குள் புண்ணாகி வீங்கியிருக்கிறது என்று எழுதிக் கொடுத்தார். அன்றிலிருந்து ஐயாவுக்கு வாசனையே தெரியவில்லையாம். தண்ணீரைத் தினமும் கொதிக்கவைத்துக் கொடுப்பது சின்ன மூக்கு. ஆகவே குற்றவாளி சின்ன மூக்கு. இதைக் கண்டுபிடிக்க அவர்களுக்கு ஐந்து நிமிடம் ஆகியிருக்காது. சோம்பேறிகளின் துப்பறிதல் எப்போதும் சீக்கிரம் முடிந்துவிடும்.

'பதவிக்கு ஆசைப்பட்டு அவர் தண்ணீரில் பிளீச்சிங் கலந்தேன்' என்று மானேஜரே ஒரு கடிதம் அடித்து மேசை மேல் தயாராக வைத்திருந்தார். கீழே கையெழுத்துக்கு இடம். முதலாளியம்மா ஐந்து மணிக்கு வருகிறார். அதற்குள் அந்தப் பெண் கையெழுத்துப் போட்டால் வேலை மட்டும் போகும், போடாவிட்டால் போலீஸ். போட்டால் மட்டும் என்ன வாழ்ந்தது? முகர்ந்து பிழைக்கிற தொழிலில் மொத்தமே நாலு கம்பெனி. நாலிலும் மறுநாளே தெரிந்துவிடும். அதன் பிறகு அவளைப் பினாயில் கடையில்கூடச் சேர்க்க மாட்டார்கள். அவள்தான் அண்ணிக்குப் போன் செய்திருந்தாள். மானேஜர் எங்களை உள்ளே விட்டதற்குக் காரணம், கடிதத்துக்கு வெளியாள் சாட்சி கிடைக்கும் என்ற நப்பாசை.

மணி மூன்றரை.

"நீ எப்படித் தண்ணி தயார் பண்ணுவே? ஒண்ணு விடாம சொல்லு," என்றாள் அண்ணி அந்தப் பெண்ணிடம்.

சின்ன மூக்கு அழவில்லை. அழுது முடித்துவிட்டு வந்தவள்போல இருந்தாள். "எட்டு மணிக்கு வருவேன். பாத்திரத்துல தண்ணி வெச்சு நல்லா தளதளன்னு கொதி வந்ததும் ஒரு நிமிஷத்துக்கு மேலயே விடுவேன். மூடி போட்டு ஆற வைப்பேன். வெதுவெதுப்பா ஆனதும் உப்பும் ஒரு சிட்டிகை சமையல் சோடாவும் போட்டு பிளாஸ்க்ல ஊத்தி அவர் மேசையில வெச்சிடுவேன். மிஞ்சினத மறுநாள் வெச்சுக்க மாட்டேன், கொட்டிடுவேன்."

"என்ன உப்பு?"

"அயோடின் சேர்க்காத உப்புக்கா. அது சேர்ந்திருந்தா சில பேருக்கு எரியும்."

அண்ணி பாத்திரத்தைப் பார்த்தாள், மூடியைப் பார்த்தாள், உப்புப் பொட்டலத்தைப் பார்த்தாள். பிளாஸ்க்கை என் மூக்குக்கு நேராக நீட்டினாள். எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

"பிளீச்சிங்னா இவனுக்கே தெரியும்," என்றாள்.

'இவனுக்கே' என்பதை நான் கவனிக்காததுபோல இருந்துவிட்டேன்.

"அந்த பிளாஸ்க்க அன்னிக்கே கழுவியிருப்பா," என்றார் மானேஜர். நாற்பத்தைந்து வயது, வழவழவென்று சீவிய தலை, அதைவிட வழவழவென்ற பேச்சு. "கெட்டிக்காரி மேடம் இவ."

"தண்ணி கொதிக்க வைக்கிறது இவ வேலையா?"

"பெரியவருக்குச் செய்யறதுல என்னம்மா வேலை, வேலையில்லைன்னு?" என்றார் பெரிய மூக்கு. இப்படிப்பட்டவர்களுக்கு அடுத்தவர் கை எப்போதும் சும்மாவே இருப்பதாக நினைப்பு.

அவருடைய கண்ணாடி அறைச் சுவரில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. 'வீட்டிலேயே பாதுகாப்பாக மூக்கைக் கழுவுவது எப்படி?' என்று தலைப்பு. கீழே எட்டு விதி. விதிகளைவிடப் பெரிதாக அவருடைய போட்டோ, பக்கவாட்டில், மூக்கு நன்றாகத் தெரியும்படி.

"நீங்க எழுதினதா சார்?" என்று அண்ணி கேட்ட கேள்வியில் அவ்வளவு பணிவு. எனக்கு உடனே தெரிந்துவிட்டது, ஆசாமி தொலைந்தார் என்று. அண்ணி பணிவாகப் பேசுவது வலை விரிக்கும்போது மட்டும்தான்.

"கம்பெனி முழுக்க இதை மனப்பாடமா சொல்லணும். நான் வெச்ச சட்டம்," என்றார். "குழாய்த் தண்ணிய நேரா மூக்குல விடவே கூடாது. குடிச்சா வயித்துல செத்துப்போற கிருமி, மூக்கு வழியா மேல ஏறிச்சுன்னா மூளை வரைக்கும் போயிடலாம். அபூர்வம்தான். ஆனா போச்சுன்னா ஆளையே தூக்கிடும். கொதிக்க வெச்சு ஆறினது, இல்லேன்னா கடையில சீல் உடைக்காம வர்ற சுத்தமான காய்ச்சி வடிச்ச தண்ணி. அப்புறம் குனிஞ்சு, தலைய ஒரு பக்கமா சாய்ச்சு, வாயால மூச்சு விட்டுக்கிட்டே பாட்டிலை மெதுவா அமுக்கணும். வேகமா அமுக்கினா காதுக்குப் போகும். காது வலி இருக்கிற அன்னிக்குத் தொடவே கூடாது."

"எட்டாவது விதி என்ன சார்? எனக்குக் கண்ணாடி போட்டாத்தான் தெரியும்."

"பாட்டிலை ஒவ்வொரு தடவையும் சோப்பு போட்டுக் கழுவி, கொதிச்ச தண்ணியில அலசி, திறந்து கவுத்துக் காய வைக்கணும். ஒருத்தர் பாட்டிலை இன்னொருத்தர் தொடக்கூடாது."

"அருமை," என்றாள் அண்ணி. "அந்தப் பாட்டிலை நான் பார்க்கலாமா?"

"டிராயர்ல பூட்டியிருக்கு. சாவி என் இடுப்புல. ஆதாரத்தை ஒருத்தரும் கலைச்சிடக் கூடாதில்ல?"

"செவ்வாய்க்கிழமைல இருந்தா?"

"அதுக்கு முன்னாடியே. இந்தப் பொண்ணு பார்வை எனக்குச் சரியாப் படல. மூணு வாரமா கழுவின கையோட உள்ள வெச்சுப் பூட்டிடுவேன். பொறாமை பிடிச்ச உலகம்மா இது."

"கழுவின கையோடன்னா... மூக்கையா, பாட்டிலையா?"

பெரிய மூக்குக்கு அந்தக் கேள்வி பிடிக்கவில்லை. சாவியை எடுத்தார். மானேஜர் கைக்குட்டையை எடுத்து மூக்கோடு சேர்த்து முகத்தை ஒற்றிக்கொண்டார். குளுகுளு அறையில் அவருக்கு என்ன வேர்வையோ. சாவி திரும்பியது. டிராயர் வெளியே வந்தது.

நான் இரண்டடி பின்னால் போய்விட்டேன். மழையில் நனைந்த சாக்ஸை ஒரு வாரம் பையிலேயே மறந்துவிட்டுத் திறந்தால் எப்படி இருக்கும், அப்படி ஒரு நாற்றம். நீல நிறப் பிளாஸ்டிக் பாட்டில், மூடி இறுக மூடியபடி உள்ளே கிடந்தது. அண்ணி அதைக் காகிதத்தால் பிடித்து மூடியைத் திருகினாள். உள்சுவர் முழுக்கக் கறுப்புப் பூசணம். சாக்கடைக்குழாய்கூட இதைவிடச் சுத்தமாக இருக்கும். எட்டு விதி எழுதிய மகான், போட்டோ வேறு போட்டுக்கொண்டவர், இதைத்தான் தினமும் மூக்குக்குள் விட்டுக்கொண்டிருந்திருக்கிறார். ஊருக்குத்தான் உபதேசம்.

"ஏன் எல்லாரும் அப்படிப் பார்க்கறீங்க?" என்றார்.

"நாறுது சார்," என்றேன்.

"ரெண்டு நாளா ஈரத்தோட பூட்டிக் கிடக்கு. நாறாம மணக்குமா? நான் ஆஸ்பத்திரிக்கு ஓடுவேனா, பாட்டில் கழுவுவேனா?"

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அது எனக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை.

அண்ணி சின்ன மூக்கிடம் திரும்பினாள். "உனக்கு இந்த நாத்தம் எப்போ தெரிஞ்சுது?"

அந்தப் பெண் தரையைப் பார்த்தாள். "ரெண்டு வாரத்துக்கு மேலயே தெரியும்க்கா. அவர் கேபினைத் தாண்டும்போதெல்லாம் வரும். நான்... அவர் உடம்புல இருந்து வருதுன்னு நினைச்சேன். வயசானவராச்சே."

"சொல்ல வேண்டியதுதானே?"

"அவர்கிட்டயா? கம்பெனியிலேயே பெரிய மூக்கு அவருக்கு. அவர்கிட்டப் போய் உங்க ரூம் நாறுதுன்னு நான் எப்படிச் சொல்றது? நாறினா அவருக்குத் தெரியாதான்னுதான் எல்லாரும் இருந்தாங்க. அவரே சும்மா இருக்கும்போது நமக்கு என்னன்னு."

நாற்பது மூக்குகள் வேலை செய்கிற இடம். நாற்பதுக்கும் நாற்றம் தெரிந்திருக்கிறது. ஒருவருக்கும் வாய் இல்லை. இதுகளுக்கெல்லாம் மூக்கு எதற்கு என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"மேடம், மாட்டிக்கிட்டவ ஆயிரம் சொல்லுவா," என்றார் மானேஜர். "அவ வாய்ச்சொல் ஆதாரமா? மணி நாலு ஆகுது. கையெழுத்தை முடிச்சிடலாம்."

அண்ணி அவர் பக்கம் திரும்பவே இல்லை. டிராயருக்குள் பார்த்துக்கொண்டிருந்தாள். பாட்டிலை ஒட்டினாற்போல ஒரு கட்டு வெள்ளைக் காகிதப் பட்டைகள், விரல் நீளத்தில்.

"இது என்ன?"

"முகர்ற பட்டை," என்றாள் சின்ன மூக்கு. "சாம்பிள்ல நுனியை நனைச்சு மோந்து பார்ப்போம். பார்த்ததும் தேதி, நம்பர் போட்டு, சின்ன கவர்ல போட்டு ஒட்டி ஃபைல்ல வெச்சிடுவோம். நான் என் பெட்டியில இருந்து எடுப்பேன். அவர் அவரோடத எடுப்பார்."

"என் பட்டையை வேற யாரும் தொடக்கூடாது," என்றார் பெரிய மூக்கு பெருமையாக. "இந்த டிராயரை விட்டு வெளிய எடுக்கறதே இல்ல."

"நல்லதாப் போச்சு," என்றாள் அண்ணி. "தம்பி, கண்ணை மூடிக்கிட்டு உட்காரு. இன்னிக்கு உன் மூக்குக்கு ஒரு வேலை வந்திருக்கு."

இதுவரை என் மூக்கு செய்த ஒரே உருப்படியான வேலை கண்ணாடியைத் தாங்கியதுதான். உட்கார்ந்தேன். அண்ணி ஃபைலிலிருந்து கவர்களை எடுத்துக் கிழிக்கிற சத்தம் கேட்டது.

"இது?"

"எலுமிச்சை."

"இது?"

"எலுமிச்சை. கூடவே அந்தச் சாக்ஸ்."

"இது?"

"ரோஜா மாதிரி ஏதோ. நல்லாருக்கு."

"இது?"

"அதே ரோஜா, அண்ணி. சாக்ஸுக்குள்ள."

பத்து கவர். ஐந்து மணத்தன, ஐந்து மணந்துகொண்டே நாறின. கண்ணைத் திறந்தபோது பட்டைகள் இரண்டு வரிசையாகக் கிடந்தன. நாறிய வரிசை முழுவதும் பெரிய மூக்கின் கையெழுத்து. அண்ணி அதில் கடைசிப் பட்டையை எடுத்து அவர் முன்னால் வைத்தாள்.

"தேதியைப் படிங்க சார்."

அவர் படிக்கவில்லை. நான் படித்தேன். பதினேழு நாளைக்கு முந்திய தேதி.

"ரெண்டு நாள்ல வந்த நாத்தம், பதினேழு நாளைக்கு முன்னாடி கவர்ல போட்டு ஒட்டின பட்டையில எப்படி சார் ஏறும்? அன்னிக்கே இந்த டிராயர் நாறியிருக்கு. அந்தப் பட்டையை எடுத்து மூக்குக்கிட்டக் கொண்டு போயிருக்கீங்க. என் கொழுந்தனுக்கே தெரியற நாத்தம் உங்களுக்குத் தெரியல. தெரிஞ்சிருந்தா முதல் நாளே பாட்டிலைத் தூக்கி எறிஞ்சிருப்பீங்க. செவ்வாய்க்கிழமை போன மூக்கு இல்ல இது. போய் மூணு வாரம் ஆச்சு."

சின்ன மூக்கு திடீரென்று எழுந்து அலமாரியில் இருந்த தாள்களை எடுத்தாள். தன்னுடையது ஒன்று, அவருடையது ஒன்று என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டே போனாள்.

"'புதுசா சீவின பென்சில்'," என்று படித்தாள். "இது நான் எழுதினது. அவர் தாள்லயும் அப்படியே இருக்கு. 'மழைக்கு முன்னாடி மொட்டை மாடி.' இதுவும் நான்தான். அவர் எப்பவும் மரம், புல், பழம்னு ஒத்தை வார்த்தைதான் எழுதுவார்." அவள் தாளைக் கீழே வைத்தாள். "மூணு வாரமா என்னைப் பார்த்து எழுதியிருக்கார்க்கா."

பெரிய மூக்கு நாற்காலியில் சாய்ந்தார். இந்தத் தடவை நடிப்பில்லை. "சளி பிடிச்சுது," என்றார். "மூக்கு இருக்கிற வரைக்கும் சளி இருக்கும், ரெண்டு நாள்ல போயிடும்னு இருந்தேன். சளி போச்சு. வாசனை வரல. யாருக்கும் தெரியாம ஒரு நாளைக்கு நாலு தடவை கழுவிப் பார்த்தேன். யாராவது வந்துடுவாங்கன்னு அவசரமா உள்ள தள்ளிப் பூட்டிடுவேன்."

"அவ கொதிக்க வெச்சு சுத்தமா கொடுத்த தண்ணியைப் பூசணத்துல ஊத்தி மூக்குல விட்டிருக்கீங்க. அந்தப் புண் அதுல வந்தது," என்றாள் அண்ணி. "முதல்ல அதைக் குப்பையில போடுங்க. டாக்டர்கிட்டயாவது உண்மையைச் சொல்லுங்க. சளியில போன வாசனை சில பேருக்குத் திரும்பி வரும்."

ஒரு நொடி எனக்குப் பாவமாக இருந்தது. மேசை மேல் கிடந்த கடிதத்தைப் பார்த்தேன். பாவம் போய்விட்டது.

மானேஜர் துள்ளி எழுந்தார். "அடப்பாவி மனுஷா. என்னையே ஏமாத்திட்டீரே. இந்தப் பொண்ணு மேல அநியாயமா பழி போட்டு, என் கையாலயே லெட்டர் அடிக்க வெச்சு..."

"உட்காருங்க சார்," என்றாள் அண்ணி. "டிராயர் திறந்ததும் என் கொழுந்தன் பின்னால ஓடினான். நான் முகத்தைச் சுளிச்சேன். நீங்க மட்டும் ஒண்ணும் பண்ணல. ஏன்னா, உங்க கைக்குட்டை ஏற்கெனவே மூக்குல இருந்துது. சாவி திரும்பறதுக்கு முன்னாடியே."

"எனக்கு... எனக்கும் சளி."

"மூக்கடைச்சவன் எதுக்கு சார் மூக்கைப் பொத்தணும்?"

எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்பதை இவ்வளவு சுத்தமாக ஒருவன் கைக்குட்டையால் சொல்லி நான் பார்த்ததில்லை.

"அந்த டிராயரைத் திறந்தா என்ன வரும்னு உங்களுக்கு முன்னாடியே தெரியும். சாவி இவர் இடுப்புல. அப்ப, இவர் திறந்து காட்டி நீங்க பார்த்திருக்கீங்க. எப்ப சார்?"

மானேஜர் பெரிய மூக்கைப் பார்த்தார். அந்தப் பார்வையில் ஒரு மிரட்டல் இருந்தது. ஆனால் மூழ்குகிறவன் மிரட்டலுக்கா பயப்படுவான்?

"திங்கட்கிழமை," என்றார் பெரிய மூக்கு. "நான் மூக்கு கழுவும்போது திடீர்னு உள்ள வந்தார். டிராயர் திறந்து கிடந்துது. அந்த நாத்தத்துல நான் நிம்மதியா உட்கார்ந்திருக்கிறதைப் பார்த்ததும் புரிஞ்சுக்கிட்டார். மூணு வாரமா நான் முகராம கையெழுத்துப் போட்ட சரக்கையெல்லாம் அனுப்பினது இவர். முதலாளியம்மா வந்து என்னை ஒரு சாம்பிள் முகரச் சொன்னா ரெண்டு பேர் கதையும் முடிஞ்சுதுன்னார். செவ்வாய்க்கிழமை விபத்து நடந்த மாதிரி காட்டிட்டா முந்தினதை யாரும் கிளற மாட்டாங்க, பழி போட ஆளா இல்லைன்னார். லெட்டரை அன்னிக்கே அடிச்சிட்டார்."

"விபத்துக்கு முந்தின நாளே வாக்குமூலம்," என்றேன் நான். "நிர்வாகம்னா இப்படி இருக்கணும், அண்ணி."

அண்ணி அந்தக் கடிதத்தை மடித்துத் தன் கைப்பையில் போட்டுக்கொண்டாள்.

முதலாளியம்மா சரியாக ஐந்துக்கு வந்தார். நின்றபடியே எல்லாவற்றையும் கேட்டார். அவர் முதலில் சொன்னது, "இது வெளிய போகக்கூடாது." அந்தப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்பார் என்று நான் எதிர்பார்த்திருந்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

மானேஜரை வெளியே போகச் சொன்னார். பெரிய மூக்கை வீட்டுக்குப் போகச் சொன்னார். பிறகு சின்ன மூக்கைப் பார்த்துச் சிரித்தார். "மூணு வாரமா ஒரு புகார்கூட வரலம்மா. அப்ப சரியாத்தான் பண்ணியிருக்கே. நாளையிலிருந்து இந்த கேபின் உனக்கு. நடந்ததை மறந்துடு."

அண்ணி என் கையைப் பிடித்து இழுத்தாள், கிளம்பலாம் என்று. நான் நகரவில்லை.

"கேபின் அப்புறம் மேடம்," என்றாள் சின்ன மூக்கு. "அவரைப் போகச் சொல்லாதீங்க."

வாசல் வரை போயிருந்த பெரிய மூக்கு நின்றார்.

அவள் அலமாரியிலிருந்து அவருடைய தாள்களை அள்ளிக்கொண்டு வந்து மேசை மேல் வைத்தாள். "மொத்தம் அறுபத்திரண்டு இருக்கு. எல்லாத்துலயும் அவர் கையெழுத்து இருக்கு. மோந்தது நான். ஒவ்வொண்ணுலயும் அவர் பேரை அவரே அடிச்சிட்டு, பக்கத்துல என் பேரை எழுதட்டும்."

"அந்தத் தாளையெல்லாம் சரக்கு வாங்கினவங்க ஆடிட்டுக்கு வந்தா பார்ப்பாங்கம்மா," என்றார் முதலாளியம்மா. சிரிப்பு போய்விட்டது. "கம்பெனி மானம் என்ன ஆகறது?"

"இன்னிக்கு மத்தியானம் என் மானம் என்ன ஆகும்னு இங்க யாருமே கேக்கல மேடம்."

முதலாளியம்மா அண்ணியின் கைப்பையைப் பார்த்தார். அண்ணி கூரையைப் பார்த்தாள். முதலாளியம்மா பெரிய மூக்கைப் பார்த்துச் சரியென்று தலையை ஆட்டினார்.

அவர் மெதுவாக வந்து உட்கார்ந்தார். பேனாவைத் திறந்தார். முதல் தாளில் தன் பெயரின் மேல் கோடு இழுத்துவிட்டு, அப்படியே நிறுத்திக்கொண்டார். பேனா நகரவில்லை.

"என்ன சார்?" என்றேன்.

அவர் அந்தப் பெண்ணை நிமிர்ந்து பார்த்தார். மூன்று வருடமாக அவருக்குத் தண்ணீர் கொதிக்கவைத்துக் கொடுத்தவளை.

"உன் பேரு என்னம்மா?" என்று கேட்டார்.